ரெட்டைக்குழலில் தொலைந்த பித்தளை மணி

பழைய துப்பாக்கியில் முன்கட்டை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்துண்டு) ஸ்க்ரூ தொலைந்த கதையை நாகை நண்பர் எழுதியிருந்தார். தையல் மெஷின் ஸ்க்ரூவைப் போட்டுப் பாருங்கள் என்று அதற்குக் கீழே ஒருவர் யோசனையும் சொல்லியிருக்கிறார். அதைச் செய்வதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

எங்களுடையது தாத்தா வாங்கிய 12 போர் அளவு ரெட்டைக்குழல் ரவைத் துப்பாக்கி, இங்கிலாந்து பர்மிங்காம் சரக்கு. ஊர் நீடாமங்கலம் பக்கம். சம்பா வயலில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் உள்ளான், தாரா மாதிரி நீர்ப்பறவைகள் வந்து இறங்கும். பழைய மிராசுதார் வீடுகளில் துப்பாக்கி இருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். 1972 வனவிலங்குச் சட்டம் அந்த வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. 1991 திருத்தம் அடியோடு நிறுத்தியது. இப்போது லைசென்ஸ் அப்பா பெயரில் இருக்கிறது, துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. தேர்தல் வந்தால் மட்டும் வெளியே கிளம்பும்.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வந்தபோது, குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் பித்தளை மணியைக் காணோம். மிளகு அளவுகூட இருக்காது. இருந்த இடத்தில் அழுக்கேறிய ஒரு சின்ன ஓட்டை. போய்க் கேட்டால், "மணியா? அப்படின்னா?" என்றார்கள். கொடுக்கும்போதே முனை வரைக்கும் போட்டோ எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

தெரிந்த லேத் பட்டறையில் விசாரித்தேன். "அண்ணே, பவர் டில்லர் ஷாஃப்ட்டு எது வேணாலும் கொண்டாங்க, இது மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். கும்பகோணத்தில் இதைவிட நுணுக்கமான மணியைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து தரும் ஆசாரிகள் இருக்கிறார்கள், ஆனால் துப்பாக்கியை அவர்களிடம் கொண்டுபோய் அவர்களையும் வம்பில் மாட்டிவிடக் கூடாது. அதனால் உறையில் போட்டு, லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு, அப்பாவோடு திருச்சியில் லைசென்ஸ் உள்ள ஒரு கடைக்குப் போனோம்.

அங்கே பழுது பார்ப்பவர் ஒரு பெரியவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் லைசென்ஸைப் பார்த்து, துப்பாக்கியில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தார். மடக்கித் திறந்து இரண்டு குழலும் காலியா என்று பார்த்தார். அப்புறம் முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, அடியிலுள்ள கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மறு கை முட்டியால் தட்டினார். கணீர் என்றது. "பட்டி கெட்டியா இருக்கு தம்பி. ஈயப்பத்து விட்டிருந்தா அழுகின தேங்காயைத் தட்டுன மாதிரி கேக்கும்" என்றார்.

இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டி ஈயப்பற்றில்தான் நிற்கிறது. மணியைப் பற்றவைத்துவிடலாம் என்று யாராவது சூடு காட்டினால் பட்டியே கிளம்பிவிடும். ஃபெவிக்விக் ஆசாமிகளுக்கும் அவரிடம் நல்ல பேர் இல்லை. அடுத்து வருகிறவன் அந்தப் பசையைச் சுரண்டும்போது ஓட்டைக்குள் இருக்கும் மரையும் (ஸ்க்ரூ பிடிக்கும் திருகு வரிகள்) சேர்ந்து போய்விடுமாம்.

விஷயமே மரையில்தான் இருக்கிறது. ஓட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஊசியால் அழுக்கை எடுத்து, ஒரு டப்பாவிலிருந்த பழைய ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக விரலால் மட்டும் திருகிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. ஒன்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. 6 பி.ஏ. என்றார். வால்வு ரேடியோ, பழைய மீட்டர்களில் வருமே, அந்த பிரிட்டிஷ் மரை. தடிமன் 2.8 மி.மீ., மரை இடைவெளி 0.53. நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 3 மி.மீ. ஸ்க்ரூவின் இடைவெளி 0.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வலுக்கட்டாயமாகத் திருகினால் ஓட்டையின் மரை போச்சு. தையல் மெஷின் ஸ்க்ரூவுக்கும் இதே கதிதான்.

பொருந்திய ஸ்க்ரூ பித்தளை. அதன் மரைப் பக்கத்தைக் கை டிரில்லில் மாட்டி, பையனைச் சுற்றச் சொல்லி, சுழலும் தலையில் அரத்தை வைத்தார். தட்டைத் தலை உருண்டு வந்தது. கடைசியில் நைந்துபோன எமரித் தாளால் ஒரு துடைப்பு. ஸ்க்ரூவின் உள்ளே போகும் பகுதியைக் குழலில் இடிக்காத அளவுக்கு வெட்டி, மரை கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசையில் துளி தொட்டுத் திருகிவிட்டார். ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு ரசீதும் கொடுத்தார். இவ்வளவு வேலைக்கு அவர் கேட்ட கூலி எனக்குக் கூச்சமாக இருந்தது, அப்பா சேர்த்துத்தான் கொடுத்தார்.

"ரவைத் துப்பாக்கில மணியைப் பாத்துச் சுடுறவன் பறவையை விட்டுருவான். கண்ணு பறவை மேல இருக்கணும், மணி ஓரத்துல தெரிஞ்சா போதும்" என்று ஒரு பாடம் வேறு. அப்பாவுக்கு அதில் உடன்பாடில்லை, பஸ் ஏறும் வரை வாதாடிக்கொண்டே வந்தார்.

மணியைவிட முக்கியமான ஒன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். குழலின் அடிப்பக்க முத்திரைகளுக்கு நடுவே 2½ என்று இருக்கிறது. அது தோட்டா அறையின் நீளம், அங்குலத்தில். அதற்கு 65 மி.மீ. தோட்டாதான். 70 மி.மீ. தோட்டா உள்ளே உட்கார்ந்துவிடும், ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும், பழைய குழலுக்கு அது ஆபத்து. உங்கள் வீட்டிலும் பழைய இங்கிலீஷ் துப்பாக்கி இருந்தால் முன்கட்டையைக் கழற்றி ஒருமுறை பாருங்கள்.

தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் லைசென்ஸ் கடை எதிலாவது 65 மி.மீ. இருப்பு இருக்கிறதா? திருச்சியில் அன்றைக்கு 70 மட்டும்தான் இருந்தது.