கடை ஆப்பிள் ஜூஸில் வீட்டு சைடர்: எந்த ஜூஸ், எந்த ஈஸ்ட், எப்போது பாட்டிலில் அடைப்பது?

ஹாரோவாசி:

வணக்கம். இங்கே லண்டனில் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் 1 லிட்டர் அட்டைப்பெட்டி ஆப்பிள் ஜூஸை நொதிக்கவைத்து சைடர் என்ற ஆப்பிள் மது போடப் போகிறேன். 4.5 லிட்டர் டெமிஜான் (குறுகிய கழுத்துள்ள கண்ணாடி ஜாடி), ரப்பர் அடைப்பான், ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி), ஹைட்ரோமீட்டர், சைஃபன் குழாய் எல்லாம் இருக்கின்றன. ஜூஸ் வகைகள்தான் குழப்புகின்றன. சிலவற்றில் "கான்சென்ட்ரேட்டிலிருந்து" என்று இருக்கிறது, சிலவற்றில் வைட்டமின் சி சேர்த்ததாகப் போட்டிருக்கிறது. இவை ஆகுமா? ஈஸ்ட் எது வாங்குவது? ரொட்டி ஈஸ்ட் போதும் என்றும் சொல்கிறார்கள். முடிவில் கொஞ்சம் இனிப்பாகவும் நுரைப்பாகவும் வர வேண்டும். பாட்டில் வெடிப்பது பற்றிப் படித்ததிலிருந்து அந்தக் கட்டம்தான் பயமாக இருக்கிறது.

நொதிப்பானை:

முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட் (இ 202), சோடியம் பென்சோயேட் (இ 211) இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த ஜூஸ் வேண்டாம். ஈஸ்ட் பெருகாமல் தடுக்கத்தான் அவற்றைப் போடுகிறார்கள். அஸ்கார்பிக் அமிலம் (இ 300) என்பது வைட்டமின் சி, அதனால் தொல்லை இல்லை. கான்சென்ட்ரேட்டிலிருந்து செய்ததும் நன்றாகவே நொதிக்கும். "ஜூஸ் டிரிங்க்" என்று எழுதியதைத் தொடாதீர்கள், அதில் தண்ணீரும் இனிப்பூட்டியும் கலந்திருக்கும். 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை உள்ள, 100 சதவீத ஜூஸ்தான் வேண்டும். ஹைட்ரோமீட்டர் தண்ணீரை 1.000 என்று வைத்து அடர்த்தியைக் காட்டும், சர்க்கரை கூடினால் எண் கூடும்; இந்த ஜூஸில் அது 1.044 முதல் 1.048 வரை காட்டும். 1.046-இல் தொடங்கி 1.000-இல் முடிந்தால் வித்தியாசத்தை 131 ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 6 சதவீத ஆல்கஹால். இதற்கு மேல் சர்க்கரை போடத் தேவையில்லை. 4.5 லிட்டரில் 100 கிராம் சர்க்கரை சேர்த்தால் சுமார் 1.3 சதவீதம் கூடும், ஆனால் பழச்சுவை மெலிந்து ஆல்கஹால் காரம் முன்னே வந்து நிற்கும்.

கடை ஜூஸுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் போதாது. இரண்டு, சைடருக்கென்றே வளர்க்கும் ஆப்பிள்களில் இருக்கும் துவர்ப்பு இதில் இல்லை. முதலாவதற்கு ஈஸ்ட் நியூட்ரியன்ட் அரைத் தேக்கரண்டி, அதாவது 2 கிராம் அளவு. இரண்டாவதற்கு 200 மில்லி கொதிநீரில் இரண்டு டீ பையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஆறிய பின் அந்தச் சாயத்தை ஊற்றுங்கள். பால் கலக்காத வெறும் டீ. எலுமிச்சையை இப்போதே பிழிய வேண்டாம். நொதித்து முடிந்ததும் ருசி பார்த்து, சப்பென்று இருந்தால் லிட்டருக்கு 1 கிராம் மாலிக் அமிலம் சேர்த்துக்கொள்ளலாம். தெளிந்த ஜூஸ் என்றால் கலங்கலை நீக்கும் பெக்டின் நொதி தேவையில்லை, கலங்கல் ஜூஸ் என்றால் 1 தேக்கரண்டி போடுங்கள். கிருமி கொல்லும் காம்டன் (சல்பைட்) மாத்திரையும் தொடக்கத்தில் வேண்டாம். பெட்டியில் வருவது பாஸ்டரைஸ் செய்த சாறு, கொல்லுவதற்கு அதில் கிருமியே இல்லை.

சுத்தம் செய்ய வேண்டியது உங்கள் பாத்திரங்களைத்தான். ஜாடியைக் கழுவிய பின் ஸ்டார் சான் போன்ற கழுவத் தேவையில்லாத கிருமிநாசினியை லிட்டருக்கு 1.5 மில்லி கலந்து, ஜாடி, அடைப்பான், ஏர்லாக், குழாய் எல்லாவற்றிலும் படவிட்டு வடியுங்கள். மிஞ்சும் நுரை கெடுதல் செய்யாது.

முதல் நாள் 4 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். கழுத்துவரை நிரப்பினால் நுரை பொங்கி ஏர்லாக் வழியாக வெளியே வரும், அடைப்பானையே தள்ளிவிடவும் கூடும். ஈஸ்ட் போடுவதற்கு முன் ஜாடியை மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பெருகும் கட்டத்தில் ஈஸ்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். அதன் பிறகு கடைசிவரை காற்றே படக் கூடாது. நான்கைந்து நாளில் நுரை அடங்கியதும், பிரிக்காமல் வைத்த பெட்டியிலிருந்து மீதி ஜூஸை ஊற்றித் தோள்வரை நிரப்புங்கள்.

ஈஸ்டில் என் தேர்வு சேஃபேல் எஸ்-04 அல்லது நாட்டிங்ஹாம். இரண்டும் ஏல் (ஒரு வகை பீர்) ஈஸ்ட், பழவாசனையை விட்டுவைக்கும், அடியில் கெட்டியாகப் படியும். 11 கிராம் பொட்டலத்தில் 2 முதல் 3 கிராம் போதும், மீதியைக் காற்றுப் புகாமல் மடித்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். இசி-1118 என்ற வைன் ஈஸ்ட் 10 டிகிரிக் குளிரிலும் வேலை செய்யும், பாதியில் நிற்பது அரிது. ஆனால் ஆப்பிள் மணத்தைத் துடைத்துவிட்டு வறண்ட வெள்ளை வைன் போன்ற ஒன்றைத்தான் தரும். ரொட்டி ஈஸ்டிலும் நொதிக்கும். ஆனால் வண்டல் இறுகாது, ஊற்றும்போதெல்லாம் கலங்கி மாவு வாடை கூடவே வரும். ஈஸ்டில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

16 முதல் 20 டிகிரிக்குள் வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். 24 டிகிரிக்கு மேல் போனால் வார்னிஷ் போன்ற நெடி வரும்.

வன்னிச்சாடி:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் போத்தல் பக்கத்தை மட்டும் சொல்லுறன், காயம் வாறது அந்த இடத்திலதான்.

ஏர்லாக் குமிழி விடுறது நிண்டால் முடிஞ்சுது எண்டு நினைக்க வேண்டாம். அடைப்பான் சரியா இறுகாட்டிலும் குமிழி நிக்கும், வீடு குளிர்ந்தாலும் நிக்கும். ஹைட்ரோமீட்டர் மட்டும்தான் சாட்சி. மூண்டு நாள் இடைவெளியில ரெண்டு தரம் பாருங்கோ. ரெண்டும் ஒரே எண்ணா, 1.000 இல்லாட்டி அதுக்குக் கீழே இருக்க வேணும். பார்க்கும்போது ஹைட்ரோமீட்டரைச் சுழட்டி விடுங்கோ. வாயுக் குமிழி அதில ஒட்டினால் மேல தூக்கி, எண் கூடக் காட்டும்.

கணக்கு இதுதான். ஒரு கிராம் சீனி நொதிச்சால் கிட்டத்தட்ட அரைக் கிராம் கரியமில வாயு வரும். லிட்டருக்கு 4 கிராம் சீனி எண்டால் ஒரு பங்கு வாயு, அதாவது ஒரு லிட்டர் சைடரில ஒரு லிட்டர் வாயு. 20 டிகிரியில நொதிச்ச சைடரில ஏற்கெனவே 0.8 பங்கு கரைஞ்சு இருக்கும். லிட்டருக்கு 7 கிராம் போட்டால் மொத்தம் 2.5 பங்கு வரும், நல்ல நுரைப்புக்கு அது காணும். அரை லிட்டர்ப் போத்தலுக்கு 3.5 கிராம். கரண்டியை நம்பாமல் தராசில நிறுங்கோ.

இப்ப 1.010 இல அவசரப்பட்டு அடைச்சால் என்ன நடக்கும்? லிட்டருக்கு 26 கிராம் சீனி உள்ள இருக்கும். அது முழுக்க நொதிச்சால் 7 பங்குக்கு மேல போகும். ஷாம்பெயின் போத்தலின்ட தடிச்ச கண்ணாடியைச் செய்யிறதே ஏறக்குறைய 6 பங்குக்குத்தான். சாதாரண வைன் போத்தல், அலங்காரத்துக்கு விக்கிற கம்பி மூடிப் போத்தல், ஜாம் போத்தல், சதுரப் போத்தல் ஒண்டும் வேண்டாம். பியர் போத்தல், அழுத்தம் தாங்கும் எண்டு எழுதி விக்கிற கம்பி மூடிப் போத்தல், இல்லாட்டி சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல். முதல் தரம் செய்யிறவருக்குப் பிளாஸ்டிக்தான் நல்லம். அமத்திப் பார்க்கலாம், கல்லு மாதிரி இறுகினால் குளிர்பெட்டியில வைக்கலாம். எல்லாத்தையும் கண்ணாடியில அடைச்சாலும் ஒண்டைப் பிளாஸ்டிக்கில அடைச்சு வையுங்கோ, மற்றதுகளின்ட நிலைமையை அது காட்டித் தரும்.

இனிப்பும் நுரைப்பும் சேர்ந்து வேணும் எண்டால் சீனியால ஏலாது. போட்ட சீனி முழுக்க ஈஸ்டுக்குப் போகும். ஈஸ்ட் தின்னாத எரித்ரிட்டால் எண்ட இனிப்பூட்டியை லிட்டருக்கு 15 முதல் 25 கிராம் போட்டு, அதோட நுரைப்புக்கான 7 கிராம் சீனியையும் கரைச்சு அடைக்கலாம். இதைவிட லேசான வழி, சைடரை வறட்சியாவே அடைச்சுப் போட்டு, குடிக்கேக்க குவளையில 50 மில்லி ஆப்பிள் ஜூஸ் விடுறது. சார்பேட் போட்டு நொதிப்பை நிப்பாட்டலாம் எண்டு சிலர் சொல்லுவினம். ஓடிக்கொண்டிருக்கிற நொதிப்பை அது நிப்பாட்டாது. முடிஞ்சு தெளிஞ்சதில, காம்டன் மாத்திரையோட சேர்த்துப் போட்டால் மட்டும் மீண்டும் தொடங்காமல் தடுக்கும். அப்படிச் செய்தால் போத்தலுக்குள்ள நுரைப்பும் வராது.

ஹாரோவாசி:

இருவருக்கும் நன்றி. எஸ்-04 போட்டு இரண்டு வாரம் ஆகப்போகிறது. தொடக்கம் 1.046. இப்போது 1.012-இல் நான்கு நாளாக நிற்கிறது, குமிழி இல்லை. கூடவே அழுகிய முட்டை வாடை. ஜாடி சமையலறை ஜன்னலோரம், தரையில் இருக்கிறது. நியூட்ரியன்ட் போடவில்லை, டீ மட்டும் போட்டேன். தூக்கி ஊற்றிவிட வேண்டியதுதானா?

நொதிப்பானை:

ஊற்றாதீர்கள், இது கெட்டுப்போகவில்லை. முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. நைட்ரஜன் பற்றாமல் ஈஸ்ட் தவிக்கும்போது அதை வெளியிடும். ஜன்னலோரத் தரை இரவில் ஹீட்டர் அணைந்ததும் 13, 14 டிகிரிக்கு இறங்கும். எஸ்-04 அந்தக் குளிரில் சோர்ந்து அடியில் படுத்துவிடும். உங்கள் ஜாடியில் இரண்டும் சேர்ந்துவிட்டன.

ஜாடியை 19, 20 டிகிரி இருக்கும் அறைக்கு மாற்றி, தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். திறக்காமல் மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டை எழுப்பிவிடுங்கள். அமோனியம் பாஸ்பேட் வகை நியூட்ரியன்டை இவ்வளவு தாமதமாகப் போடுவது சரியல்ல, ஈஸ்ட் எடுக்காமல் விட்டது பின்னால் வேறு கிருமிகளுக்குத் தீனியாகும். அதற்குப் பதில் ரொட்டி ஈஸ்ட் அரைத் தேக்கரண்டியை 50 மில்லி தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் ஊற்றுங்கள். செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்கு உணவு. ஐந்து நாளில் எண் இறங்கவில்லை என்றால் இசி-1118 அரைப் பொட்டலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, அதோடு உங்கள் சைடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிய பிறகு சேர்க்கலாம்.

வாடை பெரும்பாலும் நொதித்து முடியும்போது வாயுவோடு வெளியேறிவிடும், இல்லையென்றால் வண்டலிலிருந்து பிரித்து இரண்டு மூன்று வாரம் வையுங்கள். செம்புக் கம்பியை உள்ளே போட்டு வைக்கச் சொல்லும் குறிப்புகள் கண்ணில் படும். செய்யாதீர்கள். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்கக் கூடாது என்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும்: புளிப்பில் செம்பு கரையும்.

இன்னொன்று: 1.012-இல் நிற்பதைப் "முடிந்தது" என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். கோடையில் அறை சூடானதும் அந்த ஈஸ்ட் எழுந்துகொள்ளும்.

கோவைக்காரன்:

இடையில் ஒரு கேள்வி. இதே முறையில் கோவையில் செய்யலாமா? இங்கே 30 டிகிரி. மெத்தனால் வருமா என்ற பயமும் இருக்கிறது.

நொதிப்பானை:

செய்யக் கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டு உபயோகம் என்றாலும்தான். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு சைடர் போட அனுமதி உண்டு, உரிமமில்லாமல் விற்கத்தான் கூடாது. காய்ச்சி வடிப்பது அங்கும் உரிமமில்லாமல் குற்றமே. மெத்தனால் பற்றி: பழத்தின் பெக்டினிலிருந்து மிகச் சிறிதளவு வரும், கடையில் விற்கும் சைடரிலும் அது உண்டு. நொதிக்கவைப்பதால் ஆபத்தான அளவை எட்டாது.

ஹாரோவாசி:

அறை மாற்றி, கொதித்த ஈஸ்ட் ஊற்றியதில் 1.004-க்கு இறங்கிவிட்டது, வாடையும் குறைந்திருக்கிறது. அடுத்த ஜாடிக்கு வேறு பழம் கலக்க நினைக்கிறேன். டின் மாம்பழக்கூழ் எப்படி?

வன்னிச்சாடி:

மாம்பழம் வாசத்தில ஆசை காட்டும், நொதிச்ச பிறகு ஏமாத்தும். அதின்ட ருசி பாதி சீனியில இருக்கு. சீனி போனால் புளிப்பும் பிசின் மாதிரி ஒரு கசப்பும்தான் மிச்சம். 850 கிராம் டின்னில கனக்க வகையில சீனி சேர்த்திருப்பினம், அதையும் கணக்கில எடுக்க வேணும். கட்டாயம் செய்யிறதெண்டால் 3.5 லிட்டர் ஆப்பிள் ஜூஸுக்கு அரை டின், பெக்டின் நொதி 1 தேக்கரண்டி. அடியில அரை லிட்டருக்கு மேல வண்டலாப் போகும்.

லேசா நல்லா வாறது சிவப்புத் திராட்சை ஜூஸ். 1 லிட்டர் திராட்சைக்கு 3 லிட்டர் ஆப்பிள். நிறமும் வரும், துவர்ப்பும் வரும், தேத்தண்ணி தேவையில்லை. திராட்சையில 100 மில்லிக்கு 15, 16 கிராம் சீனி இருக்கிறதால ஆல்கஹால் கொஞ்சம் கூடும். பேரிக்காய் ஜூஸில ஈஸ்ட் தின்னாத சோர்பிட்டால் இருக்கு, அதனால சீனி போடாமலே ஒரு மெல்லிய இனிப்பு நிக்கும். கிரான்பெரியில பென்சோயிக் அமிலம் இயற்கையாவே இருக்கு, அதை மட்டும் தனியாப் போட்டால் ஈஸ்ட் தொடங்கவே கஷ்டப்படும். தோடம்பழ (ஆரஞ்சு) ஜூஸ் வேண்டாம், வாந்தி மாதிரி ஒரு புளிப்பு வரும்.

ராஸ்பெரி, பிளாக்பெரி எண்டால் உறைய வைச்ச பழம் 500 கிராம் எடுங்கோ. உறைஞ்சு உருகேக்க பழத்தின்ட திசு உடைஞ்சு சாறு லேசா இறங்கும். முதல் நாளே போடாமல் 1.005 கிட்ட வந்த பிறகு போடுங்கோ. முதலே போட்டால் வாசம் முழுக்க வாயுவோட போயிடும். கொதிக்க வைச்ச நைலோன் பையில கட்டி, டெமிஜானில இல்லாமல் வாய் அகன்ற மூடி வாளியில போட வேணும். பை மிதந்து மேல்பக்கம் காய்ஞ்சால் பூஞ்சணம் பிடிக்கும், அதால நாளுக்கு ஒருக்கால் சுத்தமான கரண்டியால அமத்தி விடுங்கோ. ஏழு முதல் பத்து நாளில பையை எடுத்துப் போட்டு, பிழியாமல் வடிய விடுங்கோ. பிறகு டெமிஜானுக்கு மாத்தி வாய்வரை நிரப்புங்கோ. இந்தக் கட்டத்தில மேல காற்று நிண்டால் வினிகர்தான் கிடைக்கும். பழத்தோட வந்த சீனியும் நொதிக்கும். அதனால போத்தலில அடைக்க முன்னம் அந்த ரெண்டு ஹைட்ரோமீட்டர் அளவையும் திரும்பப் புதுசா எடுங்கோ.