மாண்டலின் மேல்பலகை: ஓரப் பள்ளத்தின் தடிமன் 2.2 மி.மீ. ஆகிவிட்டது, காப்பாற்ற முடியுமா? (பேசுபவர்களுக்கு அவரவர் பெங்களூருப் பகுதியே பெயர்.)

மல்லேஸ்வரம்: நான் செய்யும் மாண்டலின் எஃப்-5 (தோளில் சுருள் உள்ள கிப்சன் வகை) வடிவம். மேல்பலகை ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்), பிளந்து புத்தகம்போல் விரித்து ஒட்டியது. வெளி வளைவை முதலில் முடித்துவிட்டேன், உயரம் 15 மி.மீ. உள்பக்கம் டிரில் ஸ்டாண்டில் அளவுக்குழிகள் போட்டு, குழியின் அடி மறையும்வரை இழைத்தேன். நடுவில் தடிமன் 5 மி.மீ. சரியாக வந்தது. ஓரத்தை ஒட்டி ஓடும் பள்ளத்தில் 3 இருக்க வேண்டும்; பல இடங்களில் 2.4, வலப்பக்க அடிவயிற்றில் ஓரிடம் 2.2. இன்னொன்று, வலது பாதியில் மட்டும் நார் பிய்கிறது. இழைப்புளி அதேதான், தீட்டியும் பார்த்தாயிற்று. பலகையைத் தூக்கிப் போட்டுவிடவா? பின்பலகை மேப்பிளை இன்னும் தொடவில்லை.

அல்சூர்: போடாதீங்க சார். டிரிலுக்கு அடியில் பலகையைத் தாங்க என்ன வைத்தீர்கள்? அதன் தலை தட்டையா, உருண்டையா?

மல்லேஸ்வரம்: 20 மி.மீ. தேக்கு உருளை. தட்டை.

அல்சூர்: கோளாறு அங்கேதான். நடுப்பகுதியின் வெளிமுகம் குவிந்தது. தட்டைத் தலையில் ஒரு புள்ளியில் உட்காரும், அளவு தப்பாது. பள்ளம் குழிந்தது. அங்கே உருளையின் விளிம்புகள் இருபுறமும் முட்டிக்கொள்ள, பள்ளத்தின் அடி உருளையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பள்ளத்தின் வளைவு ஆரம் 60 மி.மீ. என்றால் இடைவெளி 0.8 மி.மீ. அவ்வளவு மரமும் கூடுதலாகப் போய்விடும்.

பின்பலகைக்கு 6 மி.மீ. போல்ட்டின் நுனியை அரைவட்டமாக ராவி நிறுத்துங்கள். முடிவளவுக்கு மேல் 1 மி.மீ. விட்டுக் குழி போடுங்கள். அந்த ஒரு மில்லியைச் சுரண்டித் தகடு பார்த்துக்கொள்ளும். மேப்பிளுக்கு நடுவில் 4.5, பள்ளத்தில் 2.8 போதும். நடுவில் ஊசிமுனை உள்ள பிட் வேண்டாம், முனை இன்னும் ஆழமாய் இறங்கிவிடும்.

ஜாலஹள்ளி: நார் பிய்வதற்கு உளி காரணமில்லை. பிளந்து விரித்த பலகையில் ஒரு பாதியின் நார்ச்சாய்வு மறுபாதியில் எதிர்த்திசையில் இருக்கும். இடது பாதியைக் கழுத்திலிருந்து வாலுக்கு இழைத்தால், வலது பாதியை வாலிலிருந்து கழுத்துக்கு இழைக்க வேண்டும். அலைரேகை மேப்பிளில் இதுவும் முழுதாக உதவாது, எந்தத் திசையிலும் பிய்யும். கடைசி அரை மில்லிக்கு இழைப்புளியே எடுக்காதீர்கள்.

அந்த 2.2-ஐ மறுபடி அளங்கள். சரிவில் காலிப்பர் சாய்ந்தால் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

மல்லேஸ்வரம்: நேராகப் பிடித்து அளந்தேன். 2.0. ஒரு ரூபாய் நாணயம் அகலம்.

ஜாலஹள்ளி: அப்படியானால் உள்ளே ஒட்டுப்போடுங்கள். 1 மி.மீ. ஸ்ப்ரூஸ் துண்டு, பலகையின் நார் ஓடும் திசையிலேயே, விளிம்பைச் சுற்றிலும் ஒன்றுமில்லாமல் சரித்து. ஃபெவிகால் வேண்டாம், சூடான வச்சிரம் (விலங்குத் தோல் பசை). வெளிப்பக்கம் இனி உப்புத்தாள் படவே கூடாது. தந்திகளின் இழுவிசை மொத்தம் சுமார் 80 கிலோ. குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) வழியாக 20 கிலோவுக்கு மேல் கீழே அழுத்தும். அதைத் தாங்குவது நடுவளைவும் அடியில் ஒட்டும் இரண்டு சட்டங்களும்தான், அவற்றைக் குறைக்காதீர்கள். முதல் தந்தி 10 எண் (0.010 அங்குலத் தடிமன்) உள்ள லைட் செட் போடுங்கள். பள்ளத்தின் மற்ற இடங்கள் 2.4-ஆகவே இருக்கட்டும், சமமாக்கப் போய் இன்னும் மெலிந்துவிடும்.

அல்சூர்: ஒட்டு காய்ந்ததும் அவசரப்பட்டுப் பக்கச்சுவரோடு சேர்த்துவிடாதீர்கள். பெங்களூரு மழையில் ஈரம் குடித்த பலகையை அப்படியே ஒட்டினால், மார்ச் வறட்சியில் சுருங்கும்போது முதலில் கீறுவது அந்த மெல்லிய இடம்தான். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பீரோவில் ஈரமானி 45-50 சதவீதம் காட்டும்படி இரண்டு வாரம் வைத்துவிட்டுச் சேருங்கள்.