பழைய கேஸ் அடுப்பைச் சீரமைத்து விற்பது சரியா?

புளியந்தோப்புப் பட்டறை:

காயலான் கடைக்கு எடைக்குப் போகும் கேஸ் அடுப்புகளை வாங்கிப் பிரித்து, கழுவி, தேய்ந்த பாகங்களை மாற்றி விற்பது என் தொழில். அண்மையில் இந்த இணைய மன்றத்தில் வேறொரு விவாதத் திரியில், "பழைய அடுப்பைப் பளபளப்பாக்கி விற்பவர்கள் ஏழைகள் வீட்டில் ஆபத்தை விற்கிறார்கள்" என்று ஒருவர் எழுதினார். பலரும் ஆமோதித்தார்கள். அதனால்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

ஓர் அடுப்பில் உண்மையில் எது கெட்டுப்போகிறது? எவர்சில்வர் உடல் எளிதில் கெடுவதில்லை. பித்தளை பர்னரும் அப்படித்தான். பொங்கி வழிந்த பாலும் குழம்பும் அதன் ஓட்டைகளில் கருகி அடைத்திருக்கும், அவ்வளவுதான். கெடுவது வால்வுக்குள் இருக்கும் கிரீஸ், ஜெட்டின் (பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சும் சிறு பித்தளை முனையின்) நுண்துளை, அடியில் ஓடும் கேஸ் குழாய், குமிழ். இவை எல்லாம் சென்னைப் பாரிமுனைப் பக்கம் தனித்தனியாகவே கிடைக்கின்றன. கண்ணாடி அடுப்பு வாங்கியதும் பழையதைத் தள்ளிவிடுகிறார்கள். காயலான் கடையில் முதலில் பித்தளையைப் பிடுங்கிக்கொண்டு, மீதியைத் தகரத்தோடு போட்டுவிடுவார்கள். இன்னும் பல வருஷம் எரிய வேண்டிய அடுப்பு அது.

புதிய இரட்டை பர்னர் அடுப்பின் விலை அதிகம். நான் அதில் பாதி விலைக்குத் தருகிறேன். வாங்குகிறவர்கள் யார் தெரியுமா? மணலியிலும் மாதவரத்திலும் ஒரே அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளர்கள், தனிக்குடித்தனம் வந்த இளம் தம்பதிகள், தெருவோரத்தில் கடை போடும் பெண்கள். நான் விற்காவிட்டால் அவர்கள் புதிது வாங்கப்போவதில்லை. யாரோ கைமாற்றிக் கொடுக்கும் அடுப்பை, யாரும் திறந்து பார்க்காத அடுப்பை மாட்டிக்கொள்வார்கள்.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:

அந்த வரியை எழுதியவன் நான்தான். கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர் வீடுகளின் சமையல் மூலைகளைப் பார்த்துப் பார்த்து வயதானவன். எழுதியதில் ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறமாட்டேன்.

தம்பி, உங்களைத் தனிப்பட்ட முறையில் சொல்லவில்லை. இந்தத் தொழில் நம் பக்கத்தில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஜெட் அடைத்தால் ஊசியை விட்டுக் குத்துகிறார்கள். பித்தளை மென்மையானது, ஒரு குத்தில் துளை பெரிதாகிவிடும். அதற்குப் பிறகு கேஸ் கூடுதலாகப் பாயும், அதற்கேற்ற காற்று கலக்காது. சுடர் நீலம் மாறி மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரியாகும். வாங்கிய அம்மா "பழைய அடுப்பு, அப்படித்தான் எரியும்" என்று சகித்துக்கொள்வார். சிலிண்டர் முன்னதாகவே தீர்ந்துபோவதற்குக் காரணம் அந்த ஊசி என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது ஆசிட். கழிவறை கழுவும் ஆசிட்டில் முக்கி எடுத்தால் எவர்சில்வர் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆசிட்டில் உள்ள குளோரைடு அந்தப் பரப்பைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ராயபுரம், காசிமேடு உப்புக் காற்று மீதி வேலையை முடிக்கும். துருப்பிடித்த கேஸ் குழாயின் மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்து விற்றதை என் கையால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். பெயிண்டோடு சேர்ந்து குழாயும் உதிர்ந்தது.

இப்படிப்பட்ட அடுப்பு எங்கே போகிறது? ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறைக்கு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவிகிதம் சேர்ந்தாலே தீப்பற்றப் போதும். அந்த அறையில்தான் குழந்தைகள் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். பாதி விலை என்று பேசுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

காசிமேட்டு இட்லிக்கடை:

ஐயா, நீங்கள் சொல்வது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தரப்பையும் கேளுங்கள். நான் மண்ணெண்ணெய்ப் பம்பு அடுப்பில் கடை நடத்தியவள். அந்தப் புகையும் அது சீறும் சத்தமும் இன்னும் மறக்கவில்லை. அதை விட்டு வெளியே வந்தது சீரமைத்த ஒரு கேஸ் அடுப்பால்தான். சட்னி தாளிக்கவும் தேநீர் போடவும் அதையே வைத்திருக்கிறேன். அடுப்பு விற்றவர் ரப்பர் டியூபைத் தரமாட்டேன், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று கறாராகச் சொன்னார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். நல்லவரிடம் வாங்கினால் என்ன குறை?

தண்டையார்பேட்டை மெக்கானிக்:

அம்மா, அவர் நல்லவர்தான். டியூபில் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டைப் பாருங்கள். கம்பி வலையுள்ள ஆரஞ்சு நிற டியூபுக்கு 5 ஆண்டுதான் ஆயுள். ஒன்று கேட்கிறேன், கடையில் எந்த சிலிண்டர்? 19 கிலோ வணிக சிலிண்டரில் அழுத்தம் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை மாட்டி, அதில் இந்த வீட்டு அடுப்பை இணைத்திருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். வீட்டு அடுப்பு அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

காசிமேட்டு இட்லிக்கடை:

இட்லிக் கொப்பரைக்குத் தனி அடுப்பு, தனி ரெகுலேட்டர். சின்ன அடுப்புக்கு வீட்டு அடுப்பின் அழுத்தத்துக்கான ரெகுலேட்டர்தான் ஐயா. ஏஜென்சிப் பையன் மாட்டிக் கொடுத்தது.

புளியந்தோப்புப் பட்டறை:

மெக்கானிக் ஐயா சொன்ன ஊசி, ஆசிட், வெள்ளிப் பெயிண்ட் மூன்றையும் நானும் பார்த்திருக்கிறேன். அவற்றைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் உங்களுக்கு இருப்பதைவிடக் குறைவில்லை, அவர்களால்தான் என் பெயரும் கெடுகிறது. நான் செய்வதைச் சொல்கிறேன், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஜெட்டைக் குத்துவதே இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் காற்றடித்துப் பார்ப்பேன். திறக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு அதே எண்ணுள்ள புது ஜெட் போடுவேன். ஒரு ஜெட்டின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிடக் குறைவு, அதில் போய் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. பித்தளையை வெந்நீரில் கரைத்த புளியில் ஊறவைத்து நார் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். காஸ்டிக் சோடாவைப் பட்டறைக்குள் விடுவதில்லை, ஏனென்றால் பர்னரின் அடிப்பாகமும் காற்றும் கேஸும் கலக்கும் குழாயும் பல அடுப்புகளில் அலுமினியம்; காஸ்டிக் அதைத் தின்றுவிடும்.

உண்மையான வேலை வால்வில் இருக்கிறது. குமிழைக் கழற்றி, மூடியின் திருகுகளை எடுத்தால் ஸ்பிரிங்குக்குக் கீழே கூம்பு வடிவத்தில் ஒரு பித்தளைத் துண்டு வரும். பழைய கிரீஸ் அதில் கறுத்துக் காய்ந்து ஒட்டியிருக்கும். துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு கீறல் இருந்தாலும் அந்த வால்வு முழுவதும் போக வேண்டியதுதான், அந்தக் கீறல் வழியாகத்தான் கேஸ் ஊர்ந்து வரும். கீறல் இல்லையென்றால் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுவேன். சைக்கிள் கடை கிரீஸைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுப்பின் சூட்டில் அது உருகி ஓடிவிடும். கொஞ்ச நாளிலேயே குமிழ் இறுகும் அல்லது கசியும். அதிகமாகத் தடவினால் கேஸ் வரும் துளையே அடைந்துபோகும்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு சோப்பு நுரை. அதோடு விடுவதில்லை. ஒரு பலகையில் ஒளி ஊடுருவும் குழாயை யூ வடிவில் வளைத்து ஆணியடித்து, பாதி தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். அடுப்பில் கேஸை நிரப்பி, குமிழ்களை மூடி, ரெகுலேட்டரையும் அணைத்துவிட்டு அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கேயாவது கசிவு இருந்தால் மட்டம் இறங்கத் தொடங்கும். நுரையில் தெரியாத கசிவும் இதில் தெரியும். புது அடுப்பு வாங்கும் கடையில் யாராவது இப்படிச் சோதித்துக் காட்டுகிறார்களா, சொல்லுங்கள்.

பெரம்பூர் வழக்கறிஞர்:

அண்ணா, வேலை நேர்த்தியாகச் செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சட்டப்படி உங்கள் நிலை என்ன என்று யோசித்திருக்கிறீர்களா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. பொருளை நீங்கள் மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணம் என்றால் இழப்பீடு உங்கள் தலையில்தான். அடுப்பின் முன்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கலாம். அந்த முத்திரை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குத்தான். வால்வையும் ஜெட்டையும் மாற்றிய பிறகு அதைக் காட்டி "ஐ.எஸ்.ஐ. அடுப்பு" என்று விற்பது வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்துவது.

பில் கொடுக்கிறீர்களா? எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று எழுதித் தருகிறீர்களா? இதற்கு நேரான பதில் வேண்டும்.

மூலக்கடை வாசகன்:

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் பக்கம் குழாய் வழி எரிவாயு வரப்போகிறது என்கிறார்கள். பழைய அடுப்பை அதற்கு மாற்றிக்கொள்ளலாமா?

தண்டையார்பேட்டை மெக்கானிக்:

குழாய் எரிவாயுவுக்குச் சக்தி குறைவு, அழுத்தமும் குறைவு. அதனால் ஜெட் துளை பெரிதாக இருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் ஆளே மாற்றித் தர வேண்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். இன்னொரு ஆபத்து இதற்குள் ஒளிந்திருக்கிறது: அப்படிப் பெரிய ஜெட் போட்ட அடுப்பு நாளைக்குப் பழைய சாமானாகி மறுபடி சிலிண்டரில் மாட்டப்பட்டால் சுடர் அடங்காது. பழைய அடுப்பு வாங்கி விற்கிறவர்கள் இனி ஜெட்டின் எண்ணைப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது.

புளியந்தோப்புப் பட்டறை:

வழக்கறிஞர் சகோதரிக்கு நேரான பதில். பில் கொடுக்கிறேன், கையால் எழுதிய பில். மாற்றிய பாகங்களை இதுவரை வாயால்தான் சொல்லிவந்தேன். இனி எழுதித் தருகிறேன். அதோடு "பழையது, சீரமைக்கப்பட்டது" என்று அடுப்பின் பின்பக்கத்திலேயே அழியாதபடி பொறித்துவிடுகிறேன். ஐ.எஸ்.ஐ. என்று சொல்லி நான் விற்றதில்லை. சட்டம் என்னைப் பொறுப்பாக்குகிறது என்றால் ஆக்கட்டும். பொறுப்பேற்க முடியாதவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்பதுதான் என் கட்சியும்.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:

அந்தத் தண்ணீர்ப் பலகையை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் இரண்டு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியாது.

ஒன்று, எரிதிறன். கேஸ் அடுப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4246இன்படி வீட்டு அடுப்பு குறைந்தது 68 சதவிகித வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அகலமாகிப்போன பர்னர் ஓட்டையும், வளைந்த பாத்திரத் தாங்கியும் இருக்கும் பழைய அடுப்பு அதைத் தருமா? சிலிண்டருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு ஒவ்வொரு மாதமும் காற்றில் போனால், பாதி விலையில் மிச்சம் பிடித்தது எத்தனை நாள் நிற்கும்? ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்குக் கேஸ் இணைப்புத் தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில், 2021இல் வந்த இரண்டாம் கட்டத்தில் இணைப்போடு அடுப்பும் கொடுத்தார்கள். தகுதியுள்ள பெண்களை அதற்கு விண்ணப்பிக்க வைப்பதுதான் முதல் வழி.

இரண்டாவது, வெள்ளத்தில் மூழ்கிய அடுப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்தது வெறும் மழைத்தண்ணீரா? எண்ணெய் மிதந்த வெள்ளம். அந்த அடுப்புகள் மூட்டை மூட்டையாகக் காயலான் கடைக்கு வந்ததை எல்லோரும் பார்த்தோம். அவற்றை வாங்கினீர்களா?

புளியந்தோப்புப் பட்டறை:

வாங்கினேன், மறைக்கவில்லை. வால்வு, ஸ்பிரிங், கேஸ் குழாய் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு உடலையும் பர்னரையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். எவர்சில்வரில் எண்ணெய் என்ன செய்துவிடும்?

எரிதிறனைப் பற்றிச் சொன்னதற்கும் பதில் இருக்கிறது. பர்னர் ஓட்டை அகன்றிருந்தால் பர்னரையே மாற்றுகிறேன், தாங்கி வளைந்திருந்தால் அதையும். உஜ்வலா நல்ல திட்டம்தான், ஆனால் அது ஏற்கெனவே இணைப்பு இல்லாத குடும்பத்துப் பெண்களுக்கு. 5 கிலோ சிலிண்டரை வைத்துச் சமைக்கும் மணலித் தொழிலாளிக்கு அடுப்பு யார் கொடுப்பார்கள்?

காசிமேட்டு இட்லிக்கடை:

தம்பி, கண்ணாடி அடுப்பையும் இப்படி விற்கிறீர்களா? பக்கத்துக் கடையில் ஒன்று எரிந்துகொண்டிருக்கும்போதே சிதறியது, அதனால் கேட்கிறேன்.

புளியந்தோப்புப் பட்டறை:

இல்லை அக்கா. பதப்படுத்திய கண்ணாடியின் ஓரத்தில் அரிசி அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் எப்போது சிதறும் என்று சொல்ல முடியாது. அதைச் சரிசெய்ய வழியும் கிடையாது. கண்ணாடி அடுப்பு வந்தால் பித்தளையை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:

கண்ணாடிக்கு ஒரு கோடு போடத் தெரிந்த உங்களுக்கு வெள்ளத்துக்கும் ஒரு கோடு போட முடியாதா? உடலையும் பர்னரையும் மட்டும் எடுத்தேன் என்கிறீர்கள். எண்ணெயும் சேறும் கலவைக் குழாயின் உள்சுவரில் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது காற்றின் வழியைக் குறுக்கினால் சுடர் பின்வாங்கி ஜெட் முனையிலேயே எரியும். பர்னருக்குக் கீழே 'புஸ்' என்று சத்தம் வந்து குமிழ் சுட்டால் அதுதான். இதை உங்கள் தண்ணீர்ப் பலகை காட்டாது, ஏனென்றால் அது கசிவே அல்ல.

நீங்கள் அந்த அடுப்பை எரியவிட்டு நேரம் எடுத்துப் பார்க்கலாம். உங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் பார்க்கமாட்டார், ஆனால் "புளியந்தோப்பில் வெள்ளத்து அடுப்பைச் சரிசெய்து தருகிறார்களே" என்று உங்களைக் காட்டித்தான் விற்பார். மற்ற அடுப்புகளைப் பில்லோடும் பொறிப்போடும் விற்பதாகச் சொன்னீர்கள், அதை ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளத்து அடுப்பு பித்தளை எடைக்குப் போகட்டும். கசிவு வாசனை வந்தால் 1906க்கு அழைக்க வேண்டும் என்ற வரியையும் அந்தப் பில்லில் சேருங்கள்.

புளியந்தோப்புப் பட்டறை:

1906ஐ இன்றைக்கே சேர்க்கிறேன். வெள்ளத்து அடுப்பில் கலவைக் குழாயையும் புதிதாகப் போட்டால் ஏற்பீர்களா ஐயா?

தண்டையார்பேட்டை மெக்கானிக்:

குழாய், வால்வு, ஜெட், ஸ்பிரிங் எல்லாம் புதிது என்றால் மிஞ்சுவது தகரமும் பர்னரும். அந்தச் செலவுக்கு உங்கள் பாதி விலை கட்டுப்படியாகாது. கட்டுப்படியாக வைக்கும் ஆசையில்தான் ஏதாவது ஒன்றைப் பழையதாக விட்டுவிடுவார்கள். ஏற்கமாட்டேன்.