பியானோ கட்டைகளில் அளவுக்கு மிஞ்சிய ஈயம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சென்னை, பியானோ டெக்னீஷியன்:

"தொட்டால் லேசாகத்தான் இருக்கிறது, வேகமாக வாசித்தால் கை கடுக்கிறது" என்று யாராவது சொன்னால், நான் முதலில் ஒரு கட்டையை வெளியே எடுத்து அதன் பக்கவாட்டைத்தான் பார்ப்பேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு வீட்டில், செகண்ட் ஹாண்டில் வாங்கிய கிராண்ட் பியானோ. நடு ஸ்தாயிக் கட்டை ஒன்றை உருவினேன். இரண்டு ஈய வட்டம் இருந்தால் போதுமான இடத்தில் ஐந்து இருந்தன. இரண்டு ஃபாக்டரியில் போட்டவை. மரத்தோடு மட்டமாக, மங்கிய சாம்பல் நிறத்தில். மற்ற மூன்றும் பளபளவென்று புதிதாக இருந்தன. துளைகள் கோணல். ஒரு துளையின் ஓரத்தில் மரமே கீறியிருந்தது. 88 கட்டைகளில் பெரும்பாலானவற்றில் இதே கதை.

ஈயம் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. கட்டை 10 மில்லிமீட்டர் இறங்கினால் ஹேமர் (தந்தியை அடிக்கும் சுத்தியல்) ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் மேலே போகிறது. அதனால் ஹேமரில் ஒரு கிராம் கூடினால் விரலுக்கு ஏறத்தாழ ஐந்து கிராம் கூடும். அதைச் சமன் செய்யத்தான் கட்டையின் முன்பாதியில் ஈயம். வலது பெடலை மிதித்துக்கொண்டு, கட்டையின் முன் ஓரத்தில் எடைக்கல்லை வைத்தால், 50 கிராம் வாக்கில் அது மெல்ல இறங்க வேண்டும். இறங்கிய கட்டை 20 கிராமையாவது தூக்கிக்கொண்டு எழவும் வேண்டும். இந்த இரண்டாவது கணக்கைத்தான் பலர் பார்ப்பதே இல்லை.

அந்த வீட்டில் இறங்கும் எடை 50, கச்சிதம். எழும் எடை வெறும் 2. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உராய்வு, அதாவது 24 கிராம். 12 வாக்கில் இருக்க வேண்டியது! ஹேமரைத் தனியே ஆட்டிவிட்டேன். நாலைந்து முறை ஊசலாட வேண்டியது ஒரே ஆட்டத்தில் நின்றது. ஹேமர் ஆடுவதற்கு அச்சாக இருக்கும் சின்னக் கம்பிதான் சென்டர் பின்; அதைச் சுற்றியுள்ள துளையின் உறை புஷ்ஷிங் துணி. ஈரக் காற்றில் அந்தத் துணி ஊதி, பின்னை இறுக்கிப் பிடித்திருந்தது. முன்பு பார்த்தவர் இறுக்கத்தைத் தொடவே இல்லை. 68 கிராமில் இறங்கிய கட்டையை ஈயம் போட்டே 50-க்கு இழுத்திருக்கிறார். ஈயம் இறங்கும் எடையை எவ்வளவு குறைக்கிறதோ, எழும் எடையையும் அவ்வளவே குறைக்கும். வெயில் காலத்தில் இறுக்கம் தானாகத் தளர்ந்தாலும் ஈயம் அங்கேயேதான் இருக்கும். அப்போது அதே கட்டை 38 கிராமுக்கே இறங்கிவிடும்.

லேசான கட்டை வாசிக்கும்போது ஏன் கனக்கிறது? தராசின் இரண்டு தட்டிலும் நூறு கிராம் வைத்தாலும் முள் நடுவில்தான், பத்துக் கிலோ வைத்தாலும் நடுவில்தான். ஆனால் ஒரு தட்டைச் சட்டென்று கீழே தள்ளிப் பாருங்கள், பத்துக் கிலோ வைத்த தராசுதான் நகர மறுக்கும். ஈயம் முன் ஓரத்துக்குப் போகப் போக இந்தச் சுமை இன்னும் கூடும். அதனால்தான் ஸ்டைன்வே என்ற பியானோ கம்பெனி 1930-களில் கொண்டுவந்த, விரலின் அழுத்தத்தை ஹேமருக்குக் கொண்டுபோகும் அமைப்பான ஆக்‌ஷனில் ஈயத்தைக் கட்டையின் நடுப்புள்ளிக்கு அருகே தள்ளி வைத்தார்கள்.

புஷ்ஷிங்கை ரீம் செய்து (துளையைக் கொஞ்சம் அகலமாக்கி), பின்களை மாற்றி, புதிதாகப் போட்டிருந்த மூன்றில் இரண்டை எடுத்துவிட்டேன். இறங்க 50, எழ 26. மீதி ஒன்றையும் எடுத்திருக்கலாம். ஹேமர்கள் ஒருமுறை மாற்றப்பட்டவை, கொஞ்சம் கனம் கூடுதல். அவற்றை இழைத்துக் கனத்தைக் குறைத்திருந்தால் போதும். அதற்கு வீட்டாரிடம் அப்போது பணம் இல்லை.

கோயம்புத்தூர், பியானோ ஆசிரியை:

மேலே எழுதியதைப் படித்ததும் என் மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். மெதுவான பாடங்களில் ஒரு குறையும் இருக்காது. டிரில் (பக்கத்துப் பக்கத்து இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி அடிப்பது) வந்தாலோ, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டி வந்தாலோ, முன்கை கல்லாகிவிடும். "இன்னும் சாதகம் பண்ணு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் வீட்டுப் பியானோவில் அதே வரியைச் சுலபமாக வாசித்தாள். அப்புறம் அவள் வீட்டுப் பியானோவைத் திறக்கச் சொன்னோம். உள்ளே வரிசையாக ஈயம். சின்னப் பிள்ளைகளின் கை வலியைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. முதலில் வேறொரு பியானோவில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கொடைக்கானல்:

எங்கள் வீட்டுப் பழைய பியானோவில் பிரச்சினை வேறு மாதிரி. குளிரும் ஈரமும் சேர்ந்து ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. ஈயம் உப்பி வெளியே தள்ளிக்கொண்டு வந்து பக்கத்துக் கட்டையில் உரசுகிறது. ஒன்றை அழுத்தினால் இரண்டு இறங்குகின்றன. என்ன செய்யலாம்?

சென்னை, பியானோ டெக்னீஷியன்:

அந்தப் பொடியை வாயால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவும் வேண்டாம். அது விஷம். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உப்பிய ஈயத்தைத் துளையிடும் மெஷின் போட்டோ உப்புத்தாளால் தேய்த்தோ எடுக்க விடாதீர்கள், தூள் பறக்கும். கட்டைக்கு அடியில் துளையுள்ள பலகையைத் தாங்கலாகக் கொடுத்து, 'பஞ்ச்' என்ற இரும்புத் தண்டை வைத்து மெல்லத் தட்டினால் முழுசாக வெளியே வந்துவிடும். மரம் கீறியிருந்தால் முதலில் ஒட்டி, பிடித்துக் காயவைத்துவிட்டுப் புதுசு போடச் சொல்லுங்கள். எத்தனை போடுவது என்பதைப் பழைய எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் ஊர் ஈரத்தில் சென்டர் பின்களும் இறுகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவற்றைச் சரிசெய்த பிறகு, இறங்கும் எடையையும் எழும் எடையையும் அளந்து போடச் சொல்லுங்கள்.