என்சான்ட்மென்ட்ஸ் ஒரே நாளில்: முழங்கால் தாங்குமா?

வணக்கம் மக்களே. வாஷிங்டன் மாநிலத்து ஆல்பைன் லேக்ஸ் பகுதியில் என்சான்ட்மென்ட்ஸ் மலைநடைப் பாதையை ஒரே நாளில் முடிக்க ஆசை. இரவு தங்கும் அனுமதிக் குலுக்கலில் இந்த வருஷமும் பெயர் விழவில்லை. லார்ச் மரங்கள் பொன்னாகும் செப்டம்பர் கடைசியில் போகலாம் என்று எண்ணம்.

கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர், தூரம் பிரச்சினையில்லை. கோல்சக் ஏரிக்கு மேலே ஆஸ்கார்ட் கணவாய்தான் உதைக்கிறது. ஒன்றரை கிலோமீட்டருக்குள் சுமார் 600 மீட்டர் ஏற்றம், காலடியில் உருளும் கற்கள் வேறு. போன மாதம் ஒரு சரிவில் இறங்கும்போது என் இடது முழங்கால் 'கடக்'கென்றது.

பாதையின் மறுமுனையான ஸ்னோ ஏரிப் பக்கம் ஏறி வந்த வழியே திரும்பினால் கணவாயைத் தவிர்க்கலாம், ஆனால் போகவர நீளம் கொல்லும். எது மேல்? முழுப் பாதையும் போனால் தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு வேறு; இரண்டு முனைக்கும் நடுவே வண்டிக்கு என்ன செய்தீர்கள்? நம் சிறுநீரில் உள்ள உப்புக்காக மலையாடுகள் பின்னாலேயே வருமாமே, அனுபவப்பட்டவர்கள் அதையும் சொல்லுங்கள்!