கல்லூரிப் பசங்களிடம் எய்ட்ஸ் பற்றிப் பேசிய அனுபவங்கள்

அரசு மருத்துவமனை செவிலியர், மதுரைப் பக்கம்:

செஞ்சுருள் சங்கக் (எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான மாணவர் குழு) கூட்டத்துக்குப் பேச வாங்க என்று கல்லூரியில் கூப்பிட்டால், பேராசிரியர்கள் வெளியே இருப்பார்களா என்றுதான் முதலில் கேட்பேன். முன்வரிசையில் முதல்வர் உட்கார்ந்திருந்தால் பசங்களிடமிருந்து சிரிப்புதான் வரும், கேள்வி வராது.

அதனால் துண்டுச்சீட்டு. பெயர் எழுத வேண்டாம். கேள்வி இல்லாதவனும் "ஒன்றுமில்லை" என்றாவது எழுதிப் பெட்டியில் போடணும், அப்போதுதான் யார் கேட்டான் என்று பக்கத்து சீட்டுக்காரனுக்குத் தெரியாது. பிரித்தால் எச்.ஐ.வி. பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். மீதியெல்லாம் கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி, "அளவு". ராத்திரி டிவி வைத்தியரும், ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிறவரும் ஏற்றிவிட்ட பயம்.

சிலர் அதை ஒதுக்கிவிட்டு நேராக எய்ட்ஸுக்குப் போவார்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். கைப்பழக்கத்தால் எந்த நோயும் வராது தம்பி, விந்து போனால் ரத்தம் வற்றாது, அந்த லேகியத்துக்கு ஒரு பைசா கொடுக்காதே. இதைச் சொல்லி முடித்த பிறகு இரண்டாவது முறை சீட்டு கொடுப்பேன். அசல் கேள்விகள் அதில்தான் வரும். "காண்டம் கிழிந்துவிட்டது சிஸ்டர், இப்போ என்ன செய்ய?" "ஒரு பையனோடு இருந்தேன். பையன் என்றால் வராதுதானே?"

முதல் கேள்விக்கு: யோசித்துக்கொண்டு உட்காராதே. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிடணும். வேண்டுமா, வேண்டாமா என்பதை ஏ.ஆர்.டி. மைய (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) டாக்டர் பார்த்துச் சொல்வார். இரண்டாவதுக்கு: வைரஸுக்கு ஆண், பெண் தெரியாது. ஆசனவாய் வழி உறவில் ஆபத்து இன்னும் கூடுதல், காண்டத்தோடு ஜெல்லும் வேண்டும். இதை நான் முகம் மாறாமல் படித்துப் பதில் சொன்னால்தான் அடுத்த சீட்டு வரும்.

ஆண் செவிலியர், திருச்சி:

சிஸ்டர் சொன்ன ஜெல் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். நம்ம பசங்க கையில் எடுப்பது தேங்காய் எண்ணெய்தான். எண்ணெய் பட்டால் காண்டத்தின் லேடெக்ஸ் ரப்பர் வலுவிழந்துவிடும், தண்ணீர் அல்லது சிலிக்கோன் சார்ந்த ஜெல் மட்டும்தான் ஆகும். செய்முறை காட்டும்போது இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருத்தன் "போச்சுடா" என்றான். ஹாலே சிரித்தது.

காண்டம் போட்டுக் காட்ட ஆணுறுப்பின் மர மாதிரியை எடுத்து வைக்கும்போது சில கல்லூரிகளில் "அது மட்டும் வேண்டாமே பிரதர்" என்பார்கள். அது இல்லாமல் நான் என்னத்தைப் பேச? தேதியைப் பார், பாக்கெட்டை அமுக்கிக் காற்று இருக்கிறதா பார், பல்லால் கடிக்காதே, நுனியைப் பிடித்துக் காற்றை எடுத்துவிட்டுப் போடு, முடிந்ததும் அடியைப் பிடித்தபடி வெளியே எடு. எல்லாம் கையால் பழகணும். பர்ஸுக்குள் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருப்பதைக் குப்பையில் போடச் சொல்வேன்.

படித்து முடித்தவன், இப்போ கோயம்புத்தூரில் வேலை:

எங்க காலேஜுக்கு வந்த அக்கா எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐப் போர்டில் எழுதிப் போட்டாங்க. இலவசம். நான் ரொம்ப நாள் கழிச்சு அடிச்சேன். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து ஆலோசனை சொல்ற நம்பிக்கை மையம் இருக்கு, போங்கன்னாங்க.

ஊர்க்காரங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னுதான் பயம். உள்ளே ஆலோசகர் கதவைச் சாத்திட்டுப் பேசினார். என் சம்மதம் இல்லாம யாரும் டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்டை வெளியே சொல்லவும் கூடாது, 2017 எச்.ஐ.வி. சட்டமே அப்படித்தான் சொல்லுதுன்னார். அன்னைக்கே ரிசல்ட் வந்துருச்சு, இல்லைன்னு. ஆனா உடம்புல கிருமி இருந்தாலும் ஆரம்பத்துல டெஸ்ட்ல தெரியாதாம், 3 மாசம் கழிச்சு மறுபடி வான்னு தேதி எழுதிக் கொடுத்தார். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டாச்சான்னும் கேட்டார். அதெல்லாம் யார் நினைச்சா?

துணைக்கு ரூம்மேட் வந்திருந்தான். நீயும் டெஸ்ட் கொடுடான்னேன். "எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும் மச்சி"ன்னு டீக்கடைக்குப் போயிட்டான்.