300 வின்செஸ்டர் மேக்னம்: குறை பித்தளையிலா, டையிலா?

பனிமலை:
கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்கு 300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா போடும் ரைபிள் வைத்திருக்கிறேன். போன வாரம் சுடும்போது ஒரு தோட்டாவின் பித்தளைக் கூடு, அடியில் வளையமாகத் தடித்திருக்கும் பெல்ட்டுக்குச் சற்று மேலே, சுற்றிலும் அறுந்துவிட்டது. பின்துண்டு மட்டும் வெளியே வந்தது, முன்துண்டு, தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. கம்பெனித் தோட்டாக்களைச் சுட்டுச் சேர்த்த கூடு, நான் மருந்தும் குண்டும் வைத்து நாலாவது முறை நிரப்பியது. இனி நார்மா கம்பெனி போல விலை கூடிய கூடுகள்தான். மேக்னத்துக்கு மலிவுப் பித்தளை ஆகாது என்பது என் முடிவு.

தேவதாரு:
உங்களுக்கு அடி எதுவும் படவில்லையே, அது போதும். ஆனால் பித்தளையைக் குறை சொல்லும் முன் ஒரு கேள்வி. சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் டையை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி, அதற்குமேல் கால் சுற்று திருப்பினீர்களா? அப்படியானால் நார்மாவும் இதே இடத்தில்தான் அறும்.

பெல்ட் பிரபலமானது 1912இல் வந்த 375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவோடு. அந்தக் கூட்டின் தோள், அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் பகுதி, மிகச் சரிவானது, சேம்பரில் தோட்டாவை நிறுத்தாது. அதனால் பெல்ட் நிறுத்தியது. 1963இல் வந்த 300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 25 டிகிரியில் நல்ல தோள் இருக்கிறது, பெல்ட் பழக்கத்துக்காக ஒட்டிக்கொண்டது. பெல்ட்டில் நிற்கிறதே என்று தோள் பக்கம் தாராளமாக இடம் விட்டே சேம்பர் வெட்டுகிறார்கள். முதல் வெடிப்பில் கூடு முன்னால் நீள்கிறது. நீங்கள் டையில் அதைப் பழையபடி அமுக்குகிறீர்கள். அடுத்த வெடிப்பில் மறுபடி நீள்கிறது. ஒவ்வொரு முறையும் பெல்ட்டுக்கு மேலே சுவர் மெலிகிறது. நாலாவது முறை அறுந்ததில் வியப்பில்லை.

கருவாலி:
தேவதாரு சொல்லும் காரணம் சரி, ஆனால் கூட்டின் தரத்தை ஒன்றுமில்லை என்று தள்ள முடியாது. டையை ஒழுங்காக வைத்தவன்தான் நானும். என் கூடுகள் அறுந்ததில்லை, ஆனால் ஐந்தாவது முறையிலேயே, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கை அழுத்தத்துக்கே உள்ளே போனது. அடிப்பாகம் மென்மையாக இருந்தால் அழுத்தத்தில் பிரைமர் குழி விரிந்துவிடும், டையால் அதைச் சரிசெய்ய முடியாது. எடையிலும் வித்தியாசம் இருக்கிறது. ஒரே பையில் வந்த 50 மலிவுக் கூடுகளை நிறுத்தேன், லேசானதுக்கும் கனமானதுக்கும் நடுவே 6 கிரெய்ன் (சுமார் 0.4 கிராம்). பாதிக்கு மேற்பட்ட கூடுகளில், பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் பிளாஷ் ஓட்டையின் உட்புறம் பிசிறு. இதையெல்லாம் உட்கார்ந்து சீர்செய்யும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு.

தேவதாரு:
பிரைமர் குழி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். எடை விஷயம் அப்படியில்லை. நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் இடம். எடை அதைக் குத்துமதிப்பாகத்தான் காட்டும். 200 கெஜத்தில் எல்க்கைச் சுடுபவருக்கு 6 கிரெய்ன் ஒரு பொருட்டே இல்லை. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பனிமலை, கூட்டின் கம்பெனியை மாற்றினால் பழைய மருந்தளவை அப்படியே போடாதீர்கள். சுவர் தடித்த கூட்டில் இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். தோட்டா நிரப்பும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள்.

செம்பருத்தி:
இருவரும் குண்டைப் பிடிக்கும் கழுத்தை விட்டுவிட்டீர்கள். சுட்டுச் சுட்டு, டையில் இழுத்து இழுத்துப் பித்தளை இறுகுகிறது, பிறகு கழுத்து வெடிக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அமோனியாவும், பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்பது 1921இல்தான் தெளிவாக நிறுவப்பட்டது. அதனால் இரண்டு விஷயம். அமோனியா கலந்த பாலிஷைக் கூட்டுக்குத் தொடாதீர்கள். கழுத்தையும் தோளையும் மட்டும் சூடுகாட்டி இளக்குங்கள், அடிப்பாகத்துக்குச் சூடு போகவே கூடாது. அது இளகினால் கருவாலி சொன்ன பிரைமர் குழியைவிடப் பெரிய ஆபத்து. நல்ல கூடு வாங்கினாலும் இந்த வேலை தப்பாது.

பனிமலை:
நேற்று அளந்தேன். சுட்ட கூட்டையும் டையில் போட்டெடுத்த கூட்டையும் ஒப்பிட்டால் தோள் 0.014 அங்குலம் பின்னால் போயிருக்கிறது. தேவதாரு கேட்டதுபோல், கால் சுற்று அதிகம்தான் வைத்திருந்தேன். பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து மீதிக் கூடுகளின் உள்சுவரில் தடவினேன். 19இல் 7இல் பெல்ட்டுக்கு மேலே பள்ளம் தட்டுப்படுகிறது.

தேவதாரு:
அந்த ஏழையும் இடுக்கியால் நசுக்கிப் போட்டுவிடுங்கள், தவறிக்கூட மறுபடி கைக்கு வரக்கூடாது. மீதி 12இன் வரலாறும் அதேதான், நானாக இருந்தால் அவற்றையும் விட்டுவிடுவேன். புதுக் கூடுகளை ஒருமுறை சுட்டபின் தோள் 0.002 அங்குலம் மட்டும் பின்னால் போகும்படி டையைப் பூட்டி வையுங்கள்.

கருவாலி:
எப்படியும் புதிதாகத்தான் வாங்கப்போகிறீர்கள். அப்போது நல்லதையே வாங்குங்கள் என்பதில் நான் மாறவில்லை. ஐம்பது வாங்கி, ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பெட்டியில் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். பிரைமர் எந்த முறை தளர்கிறது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.